நல்ல தண்ணீர்க் கிணற்றில் கடல் பொடி

என் கயிற்றின் மறுமுனையில் இருந்த மாப்பிள்ளை மாதையனுக்கு,

காவேரியை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஊர் முன்னால் உன்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டேன். தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. கிணற்று மேட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது அந்த மரியாதையெல்லாம் காற்றில் போய்விடும். இந்தக் கடிதத்திலும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபமிருந்தால் வந்து கேள்.

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மாமரங்கள் இந்த வருஷம் நன்றாகப் பூத்தன, காற்றில் பாதி கொட்டிவிட்டது. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வரப்போகிறது என்று கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள். சூளகிரிப் பக்கத்து நம் மேட்டுக்கு அது எங்கே ஏறப்போகிறது? நமக்குக் கிணறுதான்.

நாளைக் காலையில் ஊர்க் கிணறு தூர் வாருகிறோம். சித்திரை பிறக்கும் முன் வாருவதுதானே வழக்கம். உனக்குப் பதில் வேறொருவன் இறங்குகிறான். கயிறு பிடிக்க மட்டும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர் முழுவதும் கேட்க இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் கேட்கட்டும். ஊரிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது.

மாதையா, எனக்கு உன் மேல் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் இருக்கிறது.

கிணற்றில் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, கை தளர மாட்டான் என்ற கணக்கு. நமக்கு அது தலைகீழாக நடந்தது. முதலில் கயிறு பிடித்தேன், அப்புறம்தான் பெண் கொடுத்தோம். கல்யாணப் பந்தலில் உன் சித்தப்பா, “கயிறு பிடிக்க ஆளு போயிருவான்னு பொண்ணக் கட்டிக்கினான்” என்று கேலி பேசினது நினைவிருக்கிறதா? அன்றைக்கு எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

ஒரு தரம் இழுத்தால் நன்றாயிருக்கிறேன். இரண்டு தரம் இழுத்தால் கயிற்றை விடு. மூன்று தரம் இழுத்தால் தூக்கு. பதினொரு வருஷம் நமக்குள் இவ்வளவுதான் பேச்சு. விழுந்த குடம், அறுந்த வாளி, ஆயில் எஞ்சின் வந்த பிறகு அதன் குழாய் முனை என்று எத்தனை எடுத்திருப்போம். எடுத்தோம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஊர் ‘மாதையன் எடுத்தான்’ என்றுதான் சொல்லும்.

அணை கட்டும்போதும் அப்படித்தான் ஆயிற்று. மதகுப் பக்கம் தண்ணீரில் விழுந்த இரும்புச் சாமானை நீ மூன்று முழுக்கில் கட்டிக் கொடுத்தாய். வேடிக்கை பார்த்த காண்டிராக்டர் உன் முதுகில் தட்டி, தூத்துக்குடிக் கடலில் முழுகிய படகுகளைத் தூக்குகிற தம் சிநேகிதருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என் பெயரை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூத்துக்குடிக்கு நானும் வந்திருப்பேனா, தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் முள்ளாக உள்ளே நின்றுவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து நீ போட்ட முதல் கார்டைக் காவேரிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “இங்கே முதுகில் காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு மீன் மாதிரி போகிறோம். கயிறு கிடையாது.” அவள் மீன் மாதிரி என்பதைக் கேட்டுச் சிரித்தாள். நான் கடைசி இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கயிறு கிடையாது. அப்படியானால் நான் யார்?

அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் போன ஐப்பசியில் லீவில் வரும்போது ஒரு தகரப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாய்.

கடலில் நீ தொலைந்து கிடைத்த கதை உனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. உன் வீட்டு வாசலில் உட்கார இடமில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் வழியில் இறங்கிக் கேட்டுவிட்டுப் போனார்கள். நீயும் அலுக்காமல் சொன்னாய். அடியில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனதையும், மேலே வந்தால் படகு ஒரு எள் அளவுக்குத் தெரிந்ததையும், ஊதலை ஊதினால் காற்று அதை வேறு பக்கம் கொண்டு போனதையும் சொன்னாய். சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய்.

நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடி. ஓட்டை வழியாகப் படகைப் பார்த்துக்கொண்டே வெயிலைத் திருப்பி அடித்தால் பத்து மைலுக்குத் தெரியும் என்றாய். அன்றைக்கு மேகம் வந்து வெயிலை மூடிக்கொண்டதாம். கடைசியில் இரண்டு துணிப் பொட்டலம். சண்டைக் காலத்தில் விமானத்திலிருந்து கடலில் விழுகிறவர்களுக்காகச் செய்ததாம், உன் முதலாளி ஏலத்தில் எடுத்தாராம். உள்ளே செங்கல் பொடி நிறத்தில் ஒரு பொடி. அதைத் தண்ணீரில் விட்டால் வாழைக் குருத்து மாதிரி பச்சை விரியும் என்றாய். பாய்மரத்தில் ஏறிப் பார்த்தவன் கண்ணில் அந்தப் பச்சைதான் பட்டது.

“அந்தப் பச்ச நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. அது நாந்தான்” என்று நீ சொன்னபோது காவேரி அழுதாள். ஊரே ‘உச்’ கொட்டியது. நானும் கொட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. பதினொரு வருஷம் உன்னை உயிரோடு மேலே தூக்கியிருக்கிறேன். ஒருநாளாவது என் வாசலில் கூட்டம் கூடியதுண்டா? ஒரு துணிப் பொட்டலம் ஒரே ஒரு நாள் காப்பாற்றியது, அதை ஆளுக்கு ஆள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “கயிறு இருந்திருந்தா நீங்க தொலஞ்சே இருக்க மாட்டீங்க” என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே, “கடல்ல எத்தினி பாகம் கயிறு விடுவ மச்சான்?” என்று கேட்டாய்.

எல்லோரும் சிரித்தார்கள். காவேரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நீ கேலியாகச் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. உனக்கு அது அப்போதே மறந்திருக்கும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நீ இருந்த நாட்களெல்லாம் அந்தப் பெட்டியோடு எனக்குச் சண்டை. காவேரி ஊதலைச் சாம்பல் போட்டு விளக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மாடு மேய்க்கிறவர்களைச் சாப்பிடக் கூப்பிட அதை ஊதினாள். என் சத்தத்துக்கு வராத மாடுகூட அதற்குத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஊர் நடுவில் படிக்கும்போது எப்படி இருக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். சிரிக்கட்டும்.

அடுத்து நடந்ததற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு எண்ணம் வந்தது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உப்புத் தண்ணீரின் குணம் வேறு, நல்ல தண்ணீரின் குணம் வேறு என்பது கிணற்று வேலைக்காரனுக்குத் தெரியாதா? கடலுக்காகச் செய்த பொடி நம் நல்ல தண்ணீரில் ஒன்றும் செய்யாது, சேறு மாதிரி அடியில் போய்ப் படியும் என்று முடிவு கட்டினேன். முதலில் யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடுவது, பிறகு ஊரைக் கூட்டி, ‘எங்கே மாப்ள, உங்க பச்சைய இதுல காட்டுங்க’ என்று கேட்பது. நீ அசடு வழிய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை, கொஞ்சம் குறைக்க நினைத்தேன்.

சூளகிரிச் சந்தை நாளில், ஊர் காலியாகிக் கிடந்த உச்சி வெயிலில், உன் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். கயிற்று நுனியில் கட்டி ஊர்க் கிணற்றில் இறக்கினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியிலிருந்து புகை மாதிரி ஒன்று எழும்பி வந்தது. அவசரமாகக் கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்கப் பச்சை கூடவே ஏறி வந்தது. பொட்டலம் மேலே வருவதற்குள் கிணறு முழுவதும் பச்சை. அவ்வளவு அழகான பச்சையை நான் நெல் வயலில்கூடப் பார்த்ததில்லை. நீ சொன்னது அத்தனையும் நிஜம், மாதையா. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பொட்டலத்தைக் கிழித்து மிச்சப் பொடியை வேலியோரம் கொட்டி, காலித் துணியைக் கயிற்றுச் சுருளுக்குள் செருகி, சுருளை என் கொட்டகையில் மாட்டினேன். கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

சந்தையிலிருந்து திரும்பியவர்கள் போட்ட கூச்சல் உனக்குத் தெரியும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டினார்கள். மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. பொடி யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஊர் முழுவதும் அதைத்தானே கண்ணில் ஒற்றியது.

பிள்ளையார் கோயில் வாசலில் உன்னை நிறுத்தினார்கள். ஊர்க்கவுண்டர், “யாரு போட்டது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் உன்னிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, பச்சை போகாத வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். திறந்தேனா?

“நாந்தாங்க போட்டேன். சரியா வேலை செய்யுதான்னு பாத்தேன். விஷமில்லீங்க” என்றாய். சொன்னதோடு நில்லாமல் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைச் சேந்தி எல்லோர் முன்னாலும் மடக் மடக் என்று குடித்தாய்.

அது அவர்களை இன்னும் கிளப்பிவிட்டது. “ஊரு மறுக்கா கூடிச் சொல்ற வரைக்கும் உன் ஊட்டுக் கொடம் இந்தக் கெணத்துல எறங்கக் கூடாது” என்று கவுண்டர் முடித்துவிட்டார். நாலு நாள் மாடு கட்டி இறைத்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. இறைத்தவர்களில் நானும் ஒருவன். நீயும் ஒருவன். இறைக்கிற சால் ஒன்றையே இரண்டு பேரும் பிடித்துக் கவிழ்த்தோம்.

நீ ஏன் ஒப்புக்கொண்டாய் என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். காவேரி எடுத்து விளையாடிவிட்டாள் என்று நினைத்திருப்பாய், பெண்டாட்டியைக் காப்பாற்றினாய் என்று. மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போய்ச் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். துணியைக் காணோம். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அதற்கும் ஒரு பதில். பொறாமைக்காரனுக்கு இந்த மாதிரி பதில்களுக்குப் பஞ்சமே இல்லை.

நீ கிளம்பின அன்று சூளகிரி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். ஏறுவதற்கு முன் திரும்பி, “மச்சான், கயித்த வெயில்ல காயப் போடு. ஈரத்தோட சுருட்டி வெச்சா உள்ளாற மக்கிப் போயிரும்” என்றாய். கயிற்றை வேண்டாமென்று போனவன் எனக்குக் கயிற்றுப் பாடம் நடத்துகிறான் என்று எரிச்சல் வந்தது. சரி என்று தலையைக்கூட நான் ஆட்டவில்லை. அதுதான் உன்னை நான் கடைசியாகப் பார்த்தது.

தை மாதம் தந்தி வந்தது. டைபாய்டு. நானும் காவேரியும் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடல் விட்டுக்கொடுத்த ஆளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. திரும்பி வந்தால் ஊர் வேறு பேசுகிறது. பச்சைத் தண்ணீரைக் குடித்தான், கிணறு உயிரைக் கேட்டுவிட்டது என்கிறார்கள். தடையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்கும் பயம். கிணற்றைக் கெடுத்தவன் வீடு என்றுதான் இப்போது உன் வீட்டுக்கு அடையாளம் சொல்கிறார்கள்.

காவேரி ஏரிக்குள் தோண்டிய ஊற்றிலிருந்து குடம் சுமக்கிறாள். ஒரு மைல் போக, ஒரு மைல் வர. என் குடத்தில் சேந்தித் தருகிறேன் என்றேன், மறுத்துவிட்டாள். “கெணத்துக்காரரு கெணத்தக் கெடுப்பாராண்ணா? நீயே சொல்லு. அவரு மேல இருக்கிற பழி போற வரைக்கும் அந்தத் தண்ணி எனக்கு வேணாம்” என்றாள். நீயே சொல்லு என்கிறாள், மாதையா. என்னைப் பார்த்து. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் உன்னோடு படகில் வேலை செய்த அந்தோணி உன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். துணிமணியைக் காவேரியிடம் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியை மட்டும் என் வீட்டுக்கு எடுத்து வந்தார். “நீங்கதானா அண்ணாச்சி, கயிறு பிடிக்க மச்சான்? படகுல எந்நேரமும் உங்க பேச்சுதான். இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாவ” என்றார். அவர்கள் பக்கத்திலும் முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தானாம். அவரோடு நீ அவ்வளவு பேசியிருக்கிறாய் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினாய் என்றாலும் பிடிக்கவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். ஊதல், கண்ணாடி, பிரிக்காத பொட்டலம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், துவைத்து, காயவைத்து, நாலாக மடித்து, என் காலித் துணி.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊர் கூடுவதற்கு முன்னாலேயே என் கொட்டகைக்குப் போய், கயிறு ஈரமாக இருப்பதைப் பார்த்துச் சுருளைப் பிரித்திருக்கிறாய். ஈரம் என்று பஸ் நிற்குமிடத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறாய். தெரிந்தே என் முன்னால் நின்று ‘நாந்தாங்க’ என்றாய். தெரிந்தே குடித்தாய். ஏன் என் சட்டையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்கவில்லை? எடுத்தது எல்லாம் மாதையன் என்று ஊர் சொன்னது. இவ்வளவு வருஷத்தில் யார் துணையும் இல்லாமல் நான் ஒருவனாகச் செய்தது அந்த ஒரே காரியம். அந்தத் தப்பைக்கூட நீ எடுத்துக்கொண்டாய்.

அழுகை மறுநாள்தான் வந்தது. கயிற்றை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அப்போது.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் நல்ல மனசுக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, அதிலும் உன்னை ஜெயிக்க விட மாட்டேன். நாளைக்கு இதைப் படித்து முடித்ததும் அந்தத் துணியை ஊர்க்கவுண்டர் காலடியில் வைப்பேன். அது என்னுடையது. உன்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இறங்குகிறவனின் கயிற்றை என் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு ஊர் முடிவு செய்யட்டும்.

காவேரிக்கு இன்னும் தெரியாது. தனியாகச் சொல்லத் தைரியமில்லை, ஊரோடு சேர்ந்துதான் கேட்கப் போகிறாள். தூர் வாரி முடித்ததும் இறங்குகிற முதல் குடம் அவளுடையதாக இருக்கும், அதை ஊர் காலில் விழுந்தாவது கேட்டு வாங்குவேன். என் குடம் இனி அதில் இறங்காது. நான் ஏரி ஊற்றுக்கு நடப்பேன், ஒரு மைல் போக, ஒரு மைல் வர. என்றைக்காவது அந்தக் கிணற்றுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்க வேண்டுமென்றால், அது காவேரி அவள் வாசலில் வைத்து என் கையில் ஊற்றினால்தான். கையைக் குவித்துக்கொண்டு போய் நிற்பேன். ஊற்றுவாளா என்று தெரியவில்லை.

உன் கயிற்றைப் பிடித்த மச்சான்,
திம்மராயன்